வியாழக்கிழமைச் சிவப்பு

நாலு வியாழக்கிழமை, நாலு சிவப்பு, ஒரே பிள்ளை. ஐந்தாவது வியாழக்கிழமை காலையில் தமயந்தி ஜீப்பை எடுக்கச் சொன்னாள்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரி என்று அறைக் கதவில் பலகை தொங்கினாலும், அவளுடைய உண்மையான வேலை ஒரு திரையைப் பார்ப்பதுதான். சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் திரை. பதினோரு அரசு இல்லங்கள், நானூற்றுச் சொச்சம் பிள்ளைகள், பிள்ளைக்கு ஒரு பொட்டு. பொட்டு பச்சை என்றால் பிள்ளை நலம். சிவப்பு என்றால் பிள்ளைக்கு ஏதோ நடக்கிறது, ஓடு. ஒவ்வொரு பிள்ளையின் மணிக்கட்டிலும் கழற்ற முடியாத ஒரு பட்டை இருக்கிறது. நாடித்துடிப்பையும் தோலின் வேர்வையையும் தூக்கத்தையும் அது அளந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். திரையில் தெரியும் அதே நிறம் பட்டையிலும் ஒரு சின்ன விளக்காக எரியும். அதற்குக் 'காப்பு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அரசாங்கத்தில் பெயர் வைக்கிறவர்கள் மட்டும் எங்கே போய்ப் படித்துவிட்டு வருகிறார்களோ, அவ்வளவு அழகாக வைத்துவிடுகிறார்கள்!

காப்பு வந்ததற்குப் பாதிக் காரணம் தமயந்திதான். எட்டு வருஷத்துக்கு முன்னால், வேறொரு மாவட்டத்தில், ஒரு இல்லத்துக்கு ஆய்வுக்குப் போயிருந்தாள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, "சாப்பாடு நல்லா இருக்கா? யாராச்சும் அடிக்கிறாங்களா?" என்று கேட்டாள். பின்னால் கண்காணிப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நல்லா இருக்கு மேடம், யாரும் அடிக்க மாட்டாங்க மேடம்" என்று முப்பது வாயும் ஒரே குரலில் சொன்னது. நன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். ஒன்பதாம் நாள் அந்த முப்பதில் ஒருத்தி மதிலேறிக் குதித்துப் பின்பக்கக் கிணற்றில் விழுந்து செத்தாள். முதுகெல்லாம் பெல்ட் தடம். அந்தப் பிள்ளையின் குரலும் அந்த ஒரே குரலில் இருந்திருக்கிறது, இல்லையா? அதை நினைத்து நினைத்துத்தான் தமயந்தி தலைநகருக்கு நடையாய் நடந்து, கமிட்டி கமிட்டியாக உட்கார்ந்து, "பிள்ளையோட வாய் பொய் சொல்லும் சார், நாடி சொல்லாது" என்று தொண்டை வறளப் பேசி, கடைசியில் இந்தக் காப்பைக் கொண்டுவர வைத்தாள். அதை அவள் சாமி மாதிரி நம்பினாள்.

காரையடிப்பட்டி இல்லத்தில் அதற்கு முன் இரண்டு வருஷமாக ஒரு சிவப்புகூட விழுந்ததில்லை. கலெக்டர் கையால் கேடயம் வாங்கிய இல்லம். அங்கேதான் அமுதினி என்கிற ஒன்பது வயதுப் பிள்ளையின் பொட்டு வியாழக்கிழமை தவறாமல் மாலை நாலு மணி வாக்கில் சிவக்கிறது. அரைமணி எரிகிறது, பிறகு தானாகப் பச்சையாகிறது. யாரோ அந்தப் பிள்ளையை ஏதோ செய்கிறார்கள். இந்தத் தடவை ஒன்பது நாள் தாமதிக்கக்கூடாது என்று தமயந்தி வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனாள்.

கண்காணிப்பாளர் குணவதி வாசலுக்கே வந்து வரவேற்றார். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, நெற்றியில் சின்னதாகச் சந்தனம், அதட்டத் தெரியாத குரல். முற்றம் கழுவிவிட்டது போல் இருந்தது. நாற்பத்தாறு பெண் பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள், உட்கார்ந்தார்கள். பெஞ்சு ஒன்றுகூட இழுபடவில்லை.

மதியம் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். சாம்பார், முட்டைக்கோஸ் பொரியல், குறை சொல்ல ஒன்றுமில்லை. நடுவில் ஒரு பிள்ளையின் கையிலிருந்து தம்ளர் நழுவிக் கீழே விழுந்தது. நாற்பத்தாறு பிள்ளைகளும் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் குணவதியைப் பார்த்தார்கள். தமயந்தி சோற்றிலிருந்து கையை எடுத்தாள். சட்டென்று தன் கைபேசியைப் பார்த்தாள். காரையடிப்பட்டி, நாற்பத்தாறு பொட்டு, அத்தனையும் பச்சை. 'சே, நமக்கு எதற்கெடுத்தாலும் சந்தேகம்' என்று தன்னையே திட்டிக்கொண்டு ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

"வியாழக்கிழமை சாயங்காலம் இங்க புதுசா என்ன நடக்குது மேடம்?" என்று கேட்டாள்.

குணவதி யோசித்தார். "ஒண்ணும் இல்லையே. ஆங், பேன் பாக்க ஒரு பொம்பள வருது. ஒரு மாசமாத்தான். பிள்ளைங்க தலை பூரா பேன் பத்திக்கிச்சு, மருந்துக்கும் போகல. கோழிப்பண்ணையில வேலை பாக்குது, பேரு மூக்கம்மா. வியாழன் அதுக்கு லீவு."

ஒரு மாசம். நாலு வியாழக்கிழமை. தமயந்திக்கு அப்போதே கணக்கு நேராகிவிட்டது.

மூன்றரை மணிக்கு மூக்கம்மா வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும், வாட்டசாட்டமான உடம்பு, வாய் நிறைய வெற்றிலை. தண்ணீர்த் தொட்டி நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து, பேன் உள்ள பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். ஆளுக்கு ஐந்து நிமிஷம். அமுதினியைக் கடைசியில் வைத்துக்கொண்டாள். தமயந்தி மாடி ஜன்னலில் மறைந்து நின்று பார்த்தாள். மற்ற பிள்ளைகளை உட்காரவைத்துப் பார்த்தவள் இவளை மட்டும் மடியில் படுக்கப் போட்டாள். ஈருளிச் சீப்பைக் கீழே வைத்துவிட்டு விரலால் தலைமுடியை வகுந்து வகுந்து பார்த்தாள். பிள்ளையின் கண் மூடியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கை கால் தொய்ந்து, துவைத்துப் போட்ட துணியாகக் கிடந்தாள். அன்றைக்குப் பார்த்து மற்றப் பிள்ளைகள் எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். தொட்டியடியில் இவர்கள் இரண்டு பேர்தான்.

கைபேசி அதிர்ந்தது. சிவப்பு.

தமயந்தி படியில் இறங்கவில்லை, விழுந்தாள் என்றே சொல்லலாம். ஓடிப்போய்ப் பிள்ளையை அந்த மடியிலிருந்து பிடுங்கினாள். அமுதினி கண்ணைத் திறந்து இவளைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் உடம்பு விறைத்தது.

"என்ன செய்றே நீ பிள்ளைய?"

மூக்கம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தாள். "பேன் பாக்குறேம்மா. என்ன செய்றேன்னா?"

"மத்த பிள்ளைங்களுக்கு அஞ்சு நிமிஷம். இவளுக்கு மட்டும் எதுக்கு அரைமணி நேரம்? எதுக்கு மடியில போட்டே?"

"இந்தப் புள்ளைக்குத்தான் பேனு சாஸ்தி. காதுக்குப் பின்னாடி புண்ணு வேற. உக்கார வெச்சா வலிக்கும்னு சாச்சுக்கிட்டேன்."

"இந்தச் சிவப்பு விளக்கு எரியுதே, பாக்கலையா?"

"பாத்தேம்மா. நான் புள்ளையத் தொட்டா அது எப்பவும் அப்படித்தான் எரியும்" என்றாள் மூக்கம்மா. பேட்டரி தீர்ந்து போகிறது போல என்று நினைத்திருந்தாள், பாவம். அவள் வாயாலேயே வந்த அந்த ஒரு வாக்கியம் போதாதா? தமயந்தி அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

அமுதினியைத் தனியாக உட்காரவைத்து விசாரித்தாள். முறைப்படி, பொம்மை கொடுத்து, தண்ணீர் கொடுத்து, குரலைத் தாழ்த்தி.

"அந்த அத்தை உன்னை எங்கேயாச்சும் தொட்டாங்களா பாப்பா? உனக்குப் பிடிக்காத மாதிரி?"

அமுதினி பொம்மையின் கையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"பயப்படாம சொல்லு. அவங்க இனிமே வர மாட்டாங்க."

பிள்ளை சட்டென்று வாசல் பக்கம் பார்த்தது. இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. ஒரு வார்த்தை வரவில்லை. தமயந்திக்கும் அழுகை வந்துவிட்டது. இன்னும் என்ன சாட்சி வேண்டும்?

அன்று மாலையே அறிக்கை போனது. மறுநாள் போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. மூக்கம்மாவை ஜீப்பில் ஏற்றியபோது தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. பதினெட்டு நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தாள். கோழிப்பண்ணையில் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமைச் சிவப்பு நின்றுபோனது. திரையில் அமுதினியின் பொட்டு பச்சையாக, ஆடாமல் அசையாமல் இருந்தது. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்று தமயந்தி நிம்மதியாகத் தூங்கினாள்.

வழக்குக்கு ஆதாரம் வேண்டும் என்று போலீசார் கேட்டதால்தான் ரத்தினசபாபதி வந்தார். காப்பு செய்த நிறுவனத்தின் பொறியாளர். ஐம்பதைத் தாண்டிய மனிதர், அளந்து பேசுகிறவர். தமயந்தியின் திரையிலேயே உட்கார்ந்து அந்த ஐந்து வியாழக்கிழமைகளின் விவரத்தை எடுத்தார். எடுத்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"மேடம், இந்தம்மா மேல என்னன்னு கேஸ் போட்டிருக்கீங்க?"

"பிள்ளைய பயமுறுத்தித் துன்புறுத்தினதா. ஏன் சார்?"

"பயந்தா நாடி ஏறணும். இங்க இறங்கியிருக்கு."

தமயந்திக்குப் புரியவில்லை. "அப்புறம் எதுக்குச் சிவப்பு வந்துச்சு?"

"சிவப்புன்னா ஆபத்துன்னு அர்த்தமில்ல மேடம். மாறியிருக்குன்னு அர்த்தம். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாடி ஒவ்வொரு மாதிரி. ஒருத்தி ஓடி விளையாடினா இருக்கிற துடிப்பு இன்னொருத்திக்குச் சும்மா இருக்கும்போதே இருக்கும். அதனால காப்பு பிள்ளையை அதே பிள்ளையோடதான் ஒப்பிட்டுப் பாக்கும். கட்டின முதல் முப்பது நாள் சும்மா கத்துக்கும், சத்தம் போடாது. அந்த முப்பது நாள்ல பிள்ளை எப்படி இருக்கோ அதுதான் அதோட இயல்புன்னு எடுத்துக்கும். அதுக்கப்புறம் பத்து நிமிஷத்துக்கு மேல அந்த இயல்பை விட்டு ஏறினாலும் சிவப்பு, இறங்கினாலும் சிவப்பு. தூக்க மாத்திரை குடுத்துப் படுக்க வைக்கிறாங்கன்னு அந்த நாள்ல ஒரு புகார் வந்துச்சே, அதுக்காகத்தான் இறங்குறதையும் சேர்த்தோம்."

"இதெல்லாம் எனக்குத் தெரியும் சார். நானே பயிற்சி வகுப்புல சொல்லியிருக்கேன். ஏறிச்சா இறங்கிச்சான்னு திரையில ஏன் காட்டல?"

"உள்ள மூணாவது பக்கத்துல எண்ணெல்லாம் இருக்கு. எண்ணெல்லாம் எங்களுக்கு எதுக்கு, பச்சையா சிவப்பா அதைச் சொல்லுங்க போதும்னு உங்க துறையிலதான் எழுதிக் கேட்டாங்க." யார் எழுதினார்கள் என்று அவர் சொல்லவில்லை. எழுதியது தமயந்தி.

அவர் மூன்றாவது பக்கத்தைத் திறந்தார். வியாழக்கிழமை மூக்கம்மாவின் மடியில் அமுதினியின் நாடி எண்பத்து நாலு. உள்ளங்கையில் வேர்வை இல்லை. "ஒன்பது வயசுப் பிள்ளை நிம்மதியா இருந்தா இப்படித்தான் இருக்கும்" என்றார். மற்ற நாட்கள், மற்ற நேரங்கள், தூங்கும்போதுகூட, நூற்றுப் பதினெட்டு.

"அந்தப் பிள்ளை அங்க பயப்படல மேடம்" என்றார் ரத்தினசபாபதி. "அங்க மட்டுந்தான் பயப்படல."

தமயந்தி நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். பிறகு அங்கே பச்சையில் இருந்த மற்ற நாற்பத்தைந்து பிள்ளைகளையும் ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னாள். நூற்றுப் பத்து. நூற்றிருபது. நூற்றுப் பதினாறு. அத்தனையும் பச்சை. அத்தனைக்கும் முதல் முப்பது நாள் கோடு மட்டும் தறிகெட்டு ஏறி, அந்த உயரத்திலேயே நின்றிருந்தது. அந்தப் பயத்தையே காப்பு இயல்பு என்று எடுத்துக்கொண்டிருந்தது. பதினோரு இல்லத்தையும் பார்த்தார்கள். ஆறு இல்லங்களில் இதே கதை. பொழுது போய் அலுவலகம் காலியாகிவிட்டது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் காரையடிப்பட்டிக்குப் போனாள். ஆய்வில் யாரும் காட்டாத பின்பக்கத்துக்கு நேரே போனாள். சமையல்கட்டைத் தாண்டி, பழைய விறகு அறைக்கு வெள்ளையடித்து, 'பழக்க அறை' என்று எழுதியிருந்தது. ஜன்னலைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். தாழ்ப்பாள் வெளிப்பக்கம். திறந்தாள். உள்ளே மூலையில் ஒரு பிள்ளை, ஏழு வயது இருக்கும், நின்றுகொண்டிருந்தது. வெளிச்சம் பட்டதும் இரண்டு கையையும் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டது. மணிக்கட்டுக் காப்பில் நிறமில்லாமல் ஒரு வெள்ளைப் புள்ளி மினுக்கிக்கொண்டிருந்தது. கற்றுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

"புது அட்மிஷன். பன்னெண்டாம் நாள்" என்றது பின்னாலிருந்து அந்த அதட்டத் தெரியாத குரல்.

தமயந்தி திரும்பினாள். "என்ன பண்றீங்க நீங்க? மனுஷிதானா நீங்க?"

குணவதிக்குக் கோபமே வரவில்லை. "உள்ள வாங்க மேடம், காபி சாப்பிட்டுப் பேசலாம்" என்றார்.

"இங்கயே சொல்லுங்க!"

"நான் தப்பா ஒண்ணும் செய்யலையே. தாமதமா எந்திரிச்சா, அழுதா, பேசினா இங்க நிக்கணும். மணிக்கொரு தடவை தட்டுல கரண்டியால அடிச்சு எழுப்புவோம். அடிக்கிறது கொஞ்சந்தான். முதல் மாசம் மட்டும் கஷ்டப்படுத்தினா போதும், அப்புறம் பிள்ளைங்க தங்கமா இருக்கும். சிவப்பே வராது. இருபது வருஷமா இந்த வேலை பாக்குறேன், ஆய்வுக்கு யார் வந்தாலும் நடுங்கிக்கிட்டு இருப்பேன். இப்பத்தான் நிம்மதி."

"இதை யாரு உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?"

குணவதி உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "நீங்கதான் மேடம். காப்பு வந்த புதுசுல எங்க எல்லாருக்கும் ரெண்டு நாள் வகுப்பு எடுத்தீங்களே! 'முதல் முப்பது நாள் ரொம்ப முக்கியம், அந்த முப்பது நாள்ல பிள்ளை எப்படி இருக்கோ அதையே காப்பு எப்பவும் எதிர்பாக்கும்'னு. நான் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். நாங்க கண்காணிப்பாளருங்க எல்லாம் குரூப்புல அதைப் பத்தித்தான் பேசிக்குவோம்."

முதல் முப்பது நாள் பிள்ளையை அன்பாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் தமயந்தி அந்த வகுப்பு எடுத்தாள். அந்த ஏழு வயசுப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பிள்ளை அழவில்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. மூட்டை மாதிரி இருந்தது.

துறை இயக்குநருக்குப் போன் போட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டார், நல்ல மனிதர்தான்.

"தமயந்தி, மாநிலம் முழுக்கப் பச்சையா இருக்கும்மா."

"அதுதான் சார் எனக்கு இப்பப் பயமா இருக்கு."

"பச்சைன்னா நலமில்லைன்னு வெளியில சொன்னா என்ன ஆகும், யோசிச்சீங்களா? எத்தனை இல்லம், எத்தனை விருது! கோர்ட்டுலயே அந்தத் திரையை வெச்சுத்தான் சபாஷ் வாங்கியிருக்கோம். எல்லாக் காப்பையும் அழிச்சு மறுபடி முதல்ல இருந்து கத்துக்க வெக்கலாம்னு சொல்றீங்க. மறுபடி ஒரு முப்பது நாள். அந்த முப்பது நாளும் பிள்ளைங்க யார் கையில இருக்கும்?"

தமயந்தி போனை வைத்தாள். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள், குழந்தைகள் நலக் குழுவுக்கு ஒன்று, நீதிபதிக்கு ஒன்று. கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது என்றார்கள். பத்து நாளில் வந்தது ஒரே ஒரு உத்தரவுதான். குணவதியைக் காரையடிப்பட்டியிலிருந்து மாற்றியிருந்தார்கள். எங்கே? தலைநகரில் உள்ள பயிற்சி நிலையத்துக்கு. இரண்டு வருஷம் சிவப்பே விழாமல் இல்லம் நடத்திய அனுபவத்தைப் புதிய கண்காணிப்பாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். தமயந்தி அந்தத் தாளை மூன்று தடவை படித்தாள்.

மிச்சமிருந்தது ஒன்றுதான். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், தவறு என்னுடையது என்று போலீசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மூக்கம்மாவின் வீட்டைத் தேடிப்போனாள். மூக்கம்மா வாசலில் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒடிப்பதைத் தொடர்ந்தாள்.

"நான் தப்புப் பண்ணிட்டேன்" என்றாள் தமயந்தி.

"ஊரே காறித் துப்பிருச்சு. எம் மகன் பொண்டாட்டி அவ புள்ளையைக்கூட என்கிட்ட விட மாட்டேங்குறா. தப்புப் பண்ணிட்டீகளாக்கும். நல்லாச் சொன்னீக."

"நீங்க மறுபடி வரணும். வியாழக்கிழமை மட்டும். அமுதினிக்காக."

"கேசு போட்ட வாயாலயே வான்னு கூப்புடுறீகளே, உங்களுக்கு வெக்கமா இல்லையா?"

"இருக்கு."

மூக்கம்மா அடுத்த சுள்ளியை எடுத்தாள். வெடுக் வெடுக்கென்று நாலு சுள்ளி ஒடிந்தது. பிறகு தலையைத் தூக்காமலேயே கேட்டாள். "அந்தக் காதுப் புண்ணு ஆறிருச்சா?"

தமயந்திக்குத் தெரியவில்லை. நாடி தெரியும், வேர்வை தெரியும், எத்தனை மணிக்குத் தூங்கினாள் என்பது தெரியும். காதுப் புண் ஆறியதா என்று அவள் பார்க்கவே இல்லை.

"நீங்க என்னத்தைப் பாத்தீக" என்று சொல்லிவிட்டு மூக்கம்மா எழுந்தாள்.

அந்த வியாழக்கிழமை காரையடிப்பட்டியில் புதிய கண்காணிப்பாளர் இருந்தார், பரவாயில்லை ரகம். பழக்க அறையின் ஜன்னல் பலகையைப் பெயர்த்து அரிசி மூட்டை அடுக்கியிருந்தார்கள். தமயந்தி தொட்டியிலிருந்து பத்தடி தள்ளிச் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்துகொண்டாள். இன்றைக்குச் சிவப்பு வரட்டும் என்று அவள் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. ஒரு சிவப்பு, அது போதும். அதை வைத்துத்தான் இயக்குநரிடம் போய் நிற்கவேண்டும். அதைவிட, அந்தப் பிள்ளை ஒரு அரைமணி நேரம் பயமில்லாமல் இருக்கிறாள் என்று தன் கண்ணால் பார்க்கவேண்டும்.

மூக்கம்மாவைக் கண்டதும் அமுதினி ஓடிவரவில்லை. நடந்துதான் வந்தாள். ஆனால் வந்ததும் தானாகவே மடியில் தலையைச் சாய்த்தாள். மூக்கம்மா முதலில் காதை மடக்கிப் பார்த்தாள். "ஆறவே இல்லையே, சீப்பிடிச்சுல்ல போயிருக்கு!" என்று திட்டித் தீர்த்தாள். தேங்காயெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் பூசினாள். பிறகு விரல் முடிக்குள் போனது. பண்ணையில் ஒரு சேவல் கம்பி வலைக்குள் கழுத்தை விட்டு மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னாள். பிள்ளை லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

பத்து நிமிஷம். தமயந்தி கைபேசியைப் பார்த்தாள். பச்சை. பதினைந்து நிமிஷம். பச்சை. இருபது. மூன்றாவது பக்கத்தைத் திறந்தாள். நூற்றிருபத்தொன்று. காப்பு பழுதாகியிருக்குமோ? இல்லை, எண் துல்லியமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒருவேளை நான் இங்கே உட்கார்ந்திருப்பதால் பயப்படுகிறாளோ என்று எழுந்து போகப் பார்த்தாள்.

அப்போதுதான் மூக்கம்மாவின் விரல் நின்றது. "என்ன தாயி, கண்ணை இப்படி இறுக்கி மூடியிருக்க? வேர்த்துக் கொட்டுது. மேலுக்கு முடியலையா?"

"இல்ல அத்தை."

"நான் பாக்குறது வலிக்குதா?"

"வலிக்கல அத்தை. நல்லா இருக்கு." அமுதினி கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள். "நல்லா இருந்தாத்தான் சிவப்பு வந்துடுது. அன்னைக்கு அதனாலதான் உங்களக் கூட்டிட்டுப் போனாங்க."

மூக்கம்மா தமயந்தியைப் பார்த்தாள். தமயந்தி கைபேசியைத் திட்டில் கவிழ்த்து வைத்தாள்.

"இனிமே வராது அத்தை" என்றாள் அமுதினி. "நான் அந்த ரூமையே நெனச்சுக்கிட்டு இருக்கேன். கரண்டிச் சத்தத்தை நெனச்சா உடனே படபடன்னு வந்துடும். நீங்க பயப்படாம பாருங்க."

அப்படியே படுத்தபடி ஒரு கண்ணை மட்டும் திறந்து, வீட்டுப்பாடத்தை டீச்சரிடம் காட்டுவது போல, மணிக்கட்டைத் தமயந்தியின் பக்கம் நீட்டினாள்.

"பாருங்க மேடம். பச்சை."